பிள்ளையை எந்த கோச்சிடம் விடுவது? குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் கோடைப் பயிற்சி முகாம், ஜூன் வந்தால் அகாடமி சேர்க்கை. அந்த மாதங்களில் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் பெற்றோர் என்னை நிறுத்திக் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே போட்டிருக்கிறேன். கால்பந்து உதாரணம் கொஞ்சம் அதிகமாக வரும். தூத்தூர், குளச்சல், முட்டம் என்று கடற்கரை முழுக்கப் பந்துதான், கேட்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். மற்ற விளையாட்டுகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எனக்கு விளையாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது டீச்சர். கோச் கொள்ளாமா இல்லியான்னு நான் எப்பிடி பாக்கது?

ஆட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேட்ச் நாளில் போகாதீர்கள். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முன்கூட்டிச் சொல்லாமல் போய் மைதானத்து ஓரத்தில் உட்காருங்கள். உங்கள் பிள்ளையை விட்டுவிடுங்கள். நன்றாக ஆடும் பிள்ளையையும் விட்டுவிடுங்கள். சுமாராக ஆடும் ஒரு பையனை மட்டும் பத்து நிமிஷம் கண்ணெடுக்காமல் பாருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் காலில் எத்தனை தடவை பந்து பட்டது என்று எண்ணுங்கள். இருபது பையன்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே பந்தை வைத்து, ஒவ்வொருத்தனாகக் கோலுக்கு அடிக்கச் சொல்லும் பயிற்சியை நம்மூரில் பல இடத்தில் பார்க்கலாம். ஓர் உதைக்கு அரை நிமிஷம் என்றால், ஒருத்தனுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஓர் உதை, ஒரு மணி நேரத்தில் ஆறு. மீதி நேரம் முன்னால் நிற்பவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். அதே இருபது பேரை நாலு நாலாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து கொடுத்தால் கதையே வேறு.

அடுத்து, தப்பு நடக்கும்போது கோச் என்ன செய்கிறார் என்று பாருங்கள். குளச்சல் பக்கம் ஒரு மைதானத்தில் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பையன், தன்னிடம் வந்த பாஸைக் காலுக்கடியில் நழுவ விட்டான். கோச் பக்கத்தில் போய், “பந்து வரும்போ எங்க பாத்த?” என்று கேட்டார். “எதிர்ல வந்தவன” என்றான். “சரி, அவன பந்து வாறதுக்கு முன்னாடியே ஒரு தடவ பாத்துக்கோ. அப்புறம் பந்த மட்டும் பாரு.” அதே பாஸை அதே இடத்துக்குப் போடச் சொன்னார். மறுபடியும் நழுவியது. இன்னொரு தடவை. இந்த முறை பந்து நின்றது. கோச் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார். இன்னொரு இடத்தில் இதே தப்புக்கு “கண்ண எங்கலே வச்சிருக்க?” என்ற சத்தம்தான் கேட்டது. இரண்டு பேரும் கண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும் என்று முதல் பையனுக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் “இன்னைக்கு என்ன படிச்ச?” என்று கேளுங்கள். “ஓடினோம், ஆடினோம்” என்பதே ஒரு மாதம் முழுக்கப் பதிலாக வந்தால், அங்கே திட்டம் என்று ஒன்று இல்லை.

என்ன சர்டிபிகேட் வச்சிருக்காருன்னு கேக்கணுமா? கேட்டா தப்பா நினைப்பாரோ?

கேட்கத்தான் வேண்டும். படித்தவர் தப்பாக நினைக்க மாட்டார், சந்தோஷமாகவே எடுத்துக் காட்டுவார். பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் பயிற்சியாளர் படிப்பைத்தான் நாம் என்.ஐ.எஸ். என்கிறோம். அதில் ஒரு வருஷ டிப்ளமோ உண்டு, ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. போர்டில் வெறுமனே ‘என்.ஐ.எஸ். கோச்’ என்று இருந்தால் எது என்று கேளுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். கால்பந்தில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் லைசென்ஸ் டி, சி, பி, ஏ என்று மேலே போகும். டி என்பது சில நாள் படிப்பு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அது ஒரு தொடக்கம். கிரிக்கெட்டில் கிரிக்கெட் வாரியத்தின் லெவல் படிப்புகள், செஸ்ஸில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே கொடுக்கும் பயிற்சியாளர் பட்டங்கள் உண்டு. உடற்கல்விப் பட்டம் பெற்றவர் என்றால் உடம்பைப் பற்றிய அடிப்படை தெரியும், அந்தக் குறிப்பிட்ட விளையாட்டில் ஆழம் இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் இருந்தும் வரிசையில் நிறுத்தி ஒரே பந்தை உருட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் முதல் கேள்வியில் சொன்ன செவ்வாய்க்கிழமையை விட்டுவிடாதீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் மைதானத்தைத்தான் பார்ப்பேன்.

ஸ்டேட் ஆடின ஆளு டீச்சர். அப்போ நல்லாத்தானே சொல்லித் தருவாரு?

சொல்லித் தரலாம், தராமலும் போகலாம். நன்றாக ஆடியவர்களுக்குப் பல விஷயம் யோசிக்காமலே வந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்பது அவர்களுக்கே புரியாது. “நான் எப்படிப் பண்றேன்னு பாரு” என்று தானே பாதி நேரம் ஆடிக்கொண்டிருக்கிறாரா, பிள்ளைகளை ஆட விடுகிறாரா என்று கவனியுங்கள்.

அவருக்க ஆபீஸ் சுவரு நிறைய கப்பும் ஷீல்டும் உண்டு. அத விடவா வேற சாட்சி வேணும்?

கப்பை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். பதினாலு வயதுக்குட்பட்ட பிரிவில் கப்பு அடிக்க மிகச் சுலபமான வழி, சீக்கிரம் வளர்ந்த நாலு பையன்களைச் சேர்த்துக்கொள்வதுதான். பின்னாலிருந்து தூக்கி அடி, உயரமானவன் ஓடிப் பிடிப்பான். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்பார்கள். பன்னிரண்டு வயதில் அந்தப் பதினொரு மாதம் உயரத்திலும் வேகத்திலும் அப்படியே தெரியும். உலகம் முழுக்கவே வயதுப் பிரிவு அணிகளில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் பல விளையாட்டுகளில் காட்டியிருக்கிறார்கள். பதினேழு வயதில் மற்றவர்களும் வளர்ந்து வந்து நிற்கும்போது, தூக்கி அடிப்பதை மட்டும் கற்றவனுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதற்குள் சின்னப் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போய் விளையாட்டையே விட்டிருப்பார்கள்.

இன்னொரு வழி, வேறு இடத்தில் படித்துத் தேறிய பிள்ளையை டோர்னமெண்ட் சமயத்தில் இழுத்துக்கொள்வது. மூன்றாவது வழி எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுத்தான் சொல்வதில்லை: வயதைக் குறைத்துக் காட்டுவது. அதைத் தடுக்க மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-இலேயே விதி கொண்டுவந்துவிட்டது. கிரிக்கெட் வாரியம் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது. “பர்த் சர்டிபிகேட்ட நான் பாத்துக்கிடுதேன்” என்று ஒரு கோச் சொன்னால், உங்கள் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் தடை பிள்ளைக்குத்தான்.

கப்புக்குப் பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள்: “மூணு வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்த பிள்ளைகள்ல எத்தனை பேரு இன்னும் வாறாங்க?” பதில் சட்டென்று வந்தால் நல்லது. பெயர் சொல்லிச் சொன்னால் இன்னும் நல்லது. இரவிபுத்தன்துறையிலிருந்து போய் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. அணிகளுக்காக ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆடிய மைக்கேல் சூசைராஜை இந்தக் கரையில் தெரியாதவர்கள் குறைவு. அப்படி ஒருவர் வந்திருக்கிறார் என்றால் அந்த ஊரில் பந்துப் பழக்கம் ஊறிக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் போர்டு மாட்டிய எல்லா அகாடமிக்கும் அது சான்றிதழ் ஆகாது.

போனதும் கிரவுண்ட பத்து ரவுண்டு ஓட விடுதாரு. பந்தே குடுக்க மாட்டாரு. இதுதான் ஸ்டாமினாவா?

பழைய வழக்கம், இன்னும் போகவில்லை. உடம்பைச் சூடாக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. ஃபிஃபாவின் மருத்துவக் குழு உருவாக்கிய ‘11 பிளஸ்’ என்ற பயிற்சித் தொகுப்பு சுமார் இருபது நிமிஷத்தில் முடியும்: மெதுவான ஓட்டம், பிறகு தொடை, வயிறு, சமநிலைக்கான பயிற்சிகள், குதித்து இறங்குவது, கடைசியில் வேகமாகத் திசை மாற்றி ஓடுவது. ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் குறைகிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. குதித்து இறங்கும்போது பிள்ளைகளின் முட்டிகள் உள்பக்கமாக ஒன்றையொன்று முட்டுகிறதா என்று உங்கள் கோச் குனிந்து பார்க்கிறார் என்றால், விஷயம் தெரிந்தவர்.

தாமதமாக வந்தவனுக்கும் தோற்ற அணிக்கும் தண்டனையாக ஓட்டம் கொடுப்பவரிடம் பிள்ளைகள் ஓட்டத்தையே வெறுக்கப் படிப்பார்கள். “ஆடும்போது தண்ணி குடிக்காத” என்பவர் இன்னமும் இருக்கிறார். ஏப்ரல் வெயிலில், நாலு மணிக்கு, நம் புழுக்கத்தில் அது வெறும் பழக்கக் குறை இல்லை, ஆபத்து. கால் மணிக்கு ஒருதரம் தண்ணீருக்கு விடுகிறாரா என்று பாருங்கள்.

பந்து, பேட்டு எல்லாம் பெரியவங்க சைஸ்லயே குடுக்காங்க. பரவாயில்லியா?

பரவாயில்லை என்று விடக்கூடாது. கால்பந்தில் எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் நம்பர், பன்னிரண்டு வரை 4-ஆம் நம்பர், அதற்கு மேலேதான் 5. எட்டு வயதுக்காரனுக்கு 5-ஆம் நம்பரைக் கொடுத்தால் விரல் நுனியால் குத்தி அடிக்கத்தான் பழகுவான். தலையால் முட்டுவதும் அப்படித்தான். தொடக்கப் பள்ளி வயதில் பயிற்சியில் அது வேண்டவே வேண்டாம் என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020-இல் சொல்லிவிட்டது. நம்மூரில் ஏழு வயதுப் பிள்ளைக்கு உயரத்திலிருந்து பந்தைப் போட்டு “முட்டுலே” என்கிறார்கள்.

முட்டுக்குக் கீழ வலிக்குன்னு சொல்லுகான். “வளர்ற வயசு, ஓடினா சரியாவும்”னு கோச் சொல்லுகாரு.

பாதி உண்மை. வளரும் வயதில் முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே, தசைநார் வந்து எலும்பில் ஒட்டும் இடத்தில் ஒரு புடைப்பும் வலியும் வருவது ஓடி ஆடும் பிள்ளைகளிடம் சகஜம். குதிகாலின் பின்பக்கமும் அப்படி வலிக்கும். எலும்பு வேகமாக வளர்கிறது, அந்த ஒட்டுமிடம் இன்னும் குருத்தாகத்தான் இருக்கிறது, ஓட்டமும் குதிப்பும் அதைத் திரும்பத் திரும்ப இழுக்கின்றன. வளர்ந்து முடிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ‘ஓடினா சரியாவும்’ என்பது தவறு. ஓட்டத்தைக் குறைத்தால்தான் அடங்கும். நொண்டி நடந்தாலோ, ராத்திரி வலியில் எழுந்தாலோ, வீக்கம் இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் யாரிடமும் பிடித்து முறுக்கித் தடவக் கொடுக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் தடவுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் பையன்களின் பெற்றோர் இடுப்புக்குச் சற்று மேலே, கீழ் முதுகில் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். பதின்மூன்று வயதுக்குள் ஒரே தொடராக 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர், அதற்கு மேல் கூடாது என்று இங்கிலாந்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் கோச் ஓவரை எண்ணுகிறாரா? நோட்டில் எழுதுகிறாரா? ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மேட்ச், மத்தியானம் இன்னொரு மேட்ச் என்று ஒரே பையனை வீச வைத்தால் அந்தக் கோச்சுக்கு வேண்டியது அந்த ஞாயிறு மட்டும்தான்.

வாரத்துல ஏழு நாளும் வரச் சொல்லுகாரு. லீவு போட்டா டீம்ல இருந்து தூக்கிருவாராம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது: வாரத்தில் குறைந்தது ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டுக்கு விடுமுறை, பதினைந்து வயது வரை ஒரே விளையாட்டில் பூட்டி வைக்காமல் இருப்பது. நம்மூர்ப் போட்டி அட்டவணைக்கு மூன்று மாதம் நடக்கிற காரியமா என்றால், சிரமம்தான். வாரத்தில் ஒரு நாளாவது முடியும். “பந்துக்கு வாறவன் வாலிபால் ஆடக்கூடாது” என்று பத்து வயதில் தடை போடுபவர் தன் அணியைத்தான் நினைக்கிறார்.

மழைக் காலத்துல பயிற்சியே நடக்கல. ஃபீஸ் மட்டும் வாங்குகாங்க.

இது நம் மாவட்டத்துக்கே உரிய பாடு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, இரண்டு பருவமும் நமக்கு உண்டு. வருஷத்தில் எத்தனை சாயங்காலம் போகும் என்று உள்ளூர் கோச்சுக்குத் தெரியாமல் இருக்காது. பள்ளி வராந்தா, கல்யாண மண்டபம், பாரிஷ் ஹால் என்று ஒரு கூரையைப் பேசி வைத்து உடற்பயிற்சி, சுவரில் அடித்து வாங்கும் பயிற்சி, மேட்ச் வீடியோ பார்த்துப் பேசுவது என்று அவர் ஏதாவது செய்யலாம். சேரும்போதே “மழைன்னா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுவிடுங்கள். இடி இடிக்கும்போது திறந்த மைதானத்தில் ஆட விடுபவரிடம் இந்தக் கேள்விகூட வேண்டாம்.

ஃபீஸ் கூடுதல் வாங்குற இடம்தான் நல்லதா? அண்ணா ஸ்டேடியத்துல கம்மிதான்னு சொல்லுகாங்க.

காசுக்கும் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வருவது. மாவட்ட விளையாட்டு அலுவலரும் அங்கேதான் இருக்கிறார். எந்தெந்த விளையாட்டுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், கோடை முகாம் எப்போது என்று அங்கேயே போய்க் கேட்டுவிடலாம். தனியார் இடத்தில் நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்? சின்ன வயதில் பதினைந்துக்கு மேல் போனால் அங்கே நடப்பது மேய்ச்சல். ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அடிச்சு வளத்தாதான் உருப்படும்னு எனக்க மாப்பிளயே சொல்லுகாரு. கோச் அடிச்சா என்ன?

உங்கள் கணவரும் அடி வாங்கி ஆடியவராக இருப்பார். அவரோடு அடி வாங்கிய இருபது பேரில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று ஒருமுறை அவரிடம் கேளுங்கள். பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. பொறுப்பில் இருப்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015-ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குற்றம். மைதானம் என்பதால் விலக்கு எதுவும் கிடையாது.

சட்டத்தை விடுங்கள், பயன் என்று பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. தப்பு செய்தால் அடி விழும் என்றால் பிள்ளை தப்பு வராத ஆட்டத்தைத்தான் ஆடுவான்: பந்து வந்ததும் யாரிடமாவது தள்ளிவிடுவான், பேட்டைத் தூக்க மாட்டான். கண்டிப்பு வேறு. நேரத்துக்கு வா, ஷூ கயிற்றைக் கட்டு, ரெஃப்ரியிடம் வாயாடாதே என்று விடாமல் சொல்பவர்தான் கண்டிப்பான கோச். சத்தம் போடுவார், போடட்டும். ஆனால் பிள்ளையின் நிறத்தையும் உடம்பையும் சாதியையும் வீட்டையும் இழுத்துப் பேசினால் அது சத்தத்தோடு சேராது.

பொம்பளப் பிள்ளைய அனுப்பப் பயமா இருக்கு. ஆண் கோச்தான் இருக்காரு.

ஆண் கோச் என்பதற்காக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நம் மாவட்டத்தில் பாதிப் பெண் பிள்ளைகளுக்கு ஆட்டமே இருக்காது. ஆனால் சில விஷயங்களை வெட்கப்படாமல் நேருக்கு நேர் கேளுங்கள். பூட்டுப் போட்ட, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா? வெளியூர் மேட்சுக்குப் போனால் கூட வரும் பெண் யார், எந்த அறையில் யார் தங்குவார்கள்? நிற்கும் நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால், எல்லார் முன்னாலும், சொல்லிவிட்டுத் தொடுகிறாரா? மாதவிலக்கு நாளில் “இன்னைக்கு முடியல” என்று பிள்ளை சொன்னால் காரணம் தோண்டாமல் விடுகிறாரா? செய்தி எல்லாம் பெற்றோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலா, பிள்ளைக்குத் தனியாகவா?

தனியாக ராத்திரியில் மெசேஜ், தனியாக பைக்கில் இறக்கிவிடுவது, “வீட்டுல சொல்லாத” என்ற வார்த்தை: இதில் ஒன்று நடந்தாலும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், பிள்ளையை நிறுத்துங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. 2012-ஆம் வருஷப் போக்சோ சட்டம் பையன்களுக்கும் பொருந்தும். பையன்களைப் பெற்றவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, அவர்களும் கேட்க வேண்டும்.

கராத்தே, சிலம்பம்னு நாலு வருஷத்துல ஒரு ஃபைல் நிறைய சர்டிபிகேட் வந்தாச்சு. வேலைக்கு ஆவுமா?

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அது எந்தப் போட்டி, யார் நடத்தியது, எந்த நிலை என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கும். ஒரு மண்டபத்தில் பணம் கட்டிச் சேர்ந்து, நாலு பேர் ஆடி, மூன்று பேருக்கு மெடல் கொடுத்த ‘இண்டர்நேஷனல்’ சாம்பியன்ஷிப் அதில் வராது. அங்கீகாரம் பெற்ற சங்கமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போட்டிக்கு முன்னாலேயே கேளுங்கள். மெடல் வாங்கிய பிறகு கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளி வழியாக நடக்கும் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளையும் முதலமைச்சர் கோப்பையையும் கோச் பொருட்படுத்தாமல், தன் சங்கத்துப் போட்டிக்கு மட்டும் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு கட்டணம் என்றால் அங்கே விற்பனையாவது பெல்ட்தான்.

அடிமுறை, சிலம்பம் சொல்லித் தரும் பழைய ஆசான்மாரை இதோடு சேர்க்காதீர்கள். அவர்களிடம் கேட்டால் காகிதம் இருக்காது, கை இருக்கும். அங்கேயும் முதல் கேள்வியில் சொன்னபடி ஒரு சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். நல்ல ஆசான் சின்னப் பிள்ளைக்கு வர்ம இடத்தைத் தொட்டுக் காட்ட மாட்டார், காலடியையே மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளை போட்டிக்கும் போக விரும்பினால் ஆசானிடமே சொல்லி, போட்டி விதி தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பவுடர் ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லுகாரு. டப்பா மூவாயிரம் ரூவா.

வேண்டாம். முட்டை, மீன், பயறு, பழம் போதும். நம் கரையில் மீனுக்கா பஞ்சம்? இதில் காசு போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. டப்பாவில் எழுதாத மருந்து கலந்திருந்து, சோதனையில் தெரிந்தால், “கோச் கொடுத்தார்” என்பது எடுபடாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு ஆட்டக்காரருக்கே என்பதுதான் ஊக்கமருந்துத் தடுப்பு விதி. 2022-இல் நம் நாட்டில் இதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. டப்பாவை விற்பது கோச்சே என்றால் மேலே பேச ஒன்றுமில்லை.

எனக்க மவன பெஞ்சிலயே இருத்தி வைக்காரு. வேற அகாடமிக்கு மாத்திரலாமா?

பொறுங்கள். பெஞ்சு என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. பயிற்சியில் அவன் காலில் பந்து படுகிறதா, கோச் அவனிடம் பேசுகிறாரா என்பதைப் பாருங்கள். அது இருந்தால் மேட்சில் உட்கார்ந்திருப்பது சில மாதப் பிரச்சினைதான். பயிற்சியிலும் அவன் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தால் மாற்றுவதை யோசிக்கலாம். இதுவும் வயதைப் பொறுத்தது. பன்னிரண்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் மேட்சில் நேரம் கொடுக்காத கோச்சை நான் நல்ல கோச் என்று சொல்ல மாட்டேன். பதினாறில் மாவட்ட அணிக்குத் தேர்வு என்றால் உட்கார வைக்க அவருக்கு உரிமை உண்டு.

கோச்சிடம் கேட்கும்போது, மேட்ச் முடிந்த சூட்டில் கேட்காதீர்கள், மற்ற பெற்றோர் முன்னாலும் வேண்டாம். “ஏன் ஆட வைக்கல?” என்பதை விட்டுவிட்டு, “ஆட என்னென்ன சரி பண்ணணும்?” என்று கேளுங்கள். “இடது காலுல வாங்க மாட்டேங்கான், ரெண்டு மாசம் பாப்போம்” என்று வந்தால் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். “எல்லாம் சரியாவும்” என்றால் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் பிள்ளை அங்கே இருப்பதிலேயே நன்றாக ஆடுகிறான், இனி கற்க ஒன்றுமில்லை என்ற நிலை வரும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வு 7, 8, 9, 11-ஆம் வகுப்புச் சேர்க்கைக்கு நடக்கும். நல்ல கோச் அந்த அறிவிப்பைத் தானே எடுத்துவந்து கொடுப்பார், தன் அணியில் ஓர் ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்று. “என்ன விட்டுட்டுப் போனா திரும்ப வராத” என்பவரிடமிருந்து போவதே நல்லது.

எங்க ஊருல ஒரே ஆளுதான் டீச்சர், அதுவும் காசு வாங்காம பண்ணுகாரு. குற சொன்னா ஊரே நம்மள ஏசும்.

எனக்கு வரும் கேள்விகளில் கஷ்டமானது இதுதான். பகலெல்லாம் கடலுக்கோ வேலைக்கோ போய்விட்டு, சாயங்காலம் விசிலோடு வந்து நிற்கும் மனுஷனிடம் லைசென்ஸ் எங்கே என்று கேட்க முடியாது. ஆனால் மேலே சொன்னதில் மூன்றை அவரிடமும் விட்டுக்கொடுக்கக்கூடாது: அடி, தனியாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது, வலியோடு ஆட வைப்பது. இலவசம் என்பதற்காக இவை சரியாகிவிடாது.

மற்றதெல்லாம் நாம் கை கொடுத்தால் மாறக்கூடியவை. வரிசையில் நிற்க வைக்கிறார் என்றால் பல நேரம் காரணம் அவரிடம் ஒரே பந்துதான் இருப்பது. நாலைந்து குடும்பம் சேர்ந்து 4-ஆம் நம்பர் பந்து ஐந்து வாங்கிக் கொடுங்கள், வரிசை வெகுவாகக் குறையும். சாயங்காலம் முறை வைத்து ஒரு அம்மாவோ அப்பாவோ மைதானத்துச் சுவரில் உட்காருங்கள். தண்ணீர்க் குடம் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும், பேச்சு மட்டும் அவருடையது. டி லைசென்ஸ் வகுப்பு அறிவிப்பு வந்தால் ஊரில் பணம் பிரித்து அவரை அனுப்பி வையுங்கள். “இந்த வயசுல எனக்கு எதுக்கு?” என்றால், அவரிடமே ஆடி வளர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை அனுப்புங்கள். யாரை அனுப்புவது என்பதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அப்போதுதான் வகுப்பு முடிந்து வரும் பையனுக்கு மைதானத்தில் இடம் கொடுப்பார்.